காற்று மீண்டும் கப்பல் ஓட்டுமா?

1925ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பால்டிக் கடற்கரையிலுள்ள டான்ஸிக் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிய கப்பல் ஒன்று வடகடலைக் கடந்து ஸ்காட்லாந்து சென்று சேர்ந்தது. அதன் பெயர் 'புக்காவ்'. தொலைவிலிருந்து கண்டவர் அதனை ஒரு நீராவிக் கப்பல் என்றே எண்ணியிருப்பர். ஏனெனில் அதன் தளத்தின்மீது புகைபோக்கிகளைப் போன்ற இரண்டு பெரிய உருளைகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். 3 மீட்டர் குறுக்களவு. ஆயினும் அவற்றிலிருந்து புகை எழவில்லை. உற்று நோக்கினால் மற்றொரு வியப்பு காத்திருந்தது: அவை இரண்டும் நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுழன்றுகொண்டிருந்தன. பாய் இல்லை, பாய் கட்டும் குறுக்கு மரமும் இல்லை, ஆனாலும் அக்கப்பலை முன்னே செலுத்தியது காற்றுதான்.

அந்த விந்தைக் கப்பலுக்குப் பின்னர் வருவோம். அது எழுப்பிய வினா நூறு ஆண்டுகள் கழிந்தும் பழையதாகவில்லை. உலக வாணிபச் சரக்கில், அளவினால் நோக்கினால், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல் வழியாகவே செல்கிறது. ஏறக்குறைய அத்தனையும் எண்ணெயை எரித்துச் செல்கிறது. மனிதனுடைய செயல்களால் வானில் கலக்கும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கப்பல்களுடையது. கடலின் மேலோ காற்று விலையின்றி வீசிக்கொண்டிருக்கிறது. அதனை ஏன் விட்டோம்? விட்டதை மீண்டும் பற்ற இயலுமா? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கப்பல் வரலாற்றில் இருக்கிறது.

நீராவி வேகமானது, பாய் மெதுவானது, ஆகவே பாய் தோற்றது என்று பாடப் புத்தகங்களில் படிக்கிறோம். இது பாதி உண்மைதான். 'கட்டி சார்க்' என்னும் புகழ்பெற்ற பாய்க்கப்பல், 1889ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரவொன்றில், ஆஸ்திரேலியக் கடற்பரப்பில், 'பிரிட்டானியா' என்னும் அந்நாளைய சிறந்த நீராவிக் கப்பலை முந்திச் சென்றது. நீராவிக் கப்பலில் கடமையிலிருந்த அதிகாரி தம் கண்களையே நம்பவில்லை என்பர். நல்ல காற்றுக் கிடைத்தபோது பாய்க்கு எந்த யந்திரமும் எளிதில் ஈடாகவில்லை. பாயின் குறை, எந்த நாளில் வந்து சேரும் என்று சொல்ல முடியாமையே ஆகும். வணிகனுக்கு வேகத்தைக் காட்டிலும் நாள் தவறாமை பெரிது.

நீராவிக்கும் ஒரு பெருங்குறை இருந்தது. தொடக்க காலத்து நீராவிக் கப்பல்கள் தம் நிலக்கரியைத் தாமே சுமந்ததனால், நெடுந்தூரப் பயணத்தில் சரக்குக்கு இடம் சிறுத்துப் போயிற்று. 1866இல் லிவர்பூலைச் சேர்ந்த ஆல்பிரட் ஹோல்ட் என்பவர், ஒருமுறை பயன்பட்ட நீராவியை மற்றொரு உருளையில் மீண்டும் பயன்படுத்தும் கூட்டு யந்திரத்தை 'அகமெம்னன்' என்ற கப்பலில் பொருத்தினார். அது நிலக்கரிக்காக எங்கும் நில்லாமல் மொரீஷியஸ் வரையில், அதாவது சுமார் 8,500 மைல், செல்ல வல்லதாயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1869 நவம்பர் 17இல், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 'கட்டி சார்க்' நீரில் இறக்கப்பட்டது அதே நவம்பர் 22இல்! சீனத் தேயிலைக்கென்றே கட்டிய கப்பல் பிறந்த ஐந்து நாட்களுக்கு முன்னரே அதன் தொழில் பறிபோய்விட்டது எனலாம். லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்ட வழி ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனால் அக்குறுக்கு வழி நீராவிக்கு மட்டுமே உரியது. கால்வாயில் பாய் விரிக்க இயலாது; அதனையடுத்த செங்கடலின் வடபகுதியிலோ பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசும்; இருபுறமும் பவளப் பாறைகள். ஆதலின் பாய்க்கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் பழைய வழியிலேயே நின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீராவிக் கப்பல்களுக்காக உலகெங்கும் நிறுவிய நிலக்கரித் துறைகளுக்கு, வேல்ஸ் நாட்டு நிலக்கரியைக் கொண்டு சென்று கொட்டியவற்றுள் பல பாய்க்கப்பல்களே. தன்னை வீழ்த்தியவனுக்குத் தானே சோறு சுமந்த கதை அது.

பாய் உடனே மறைந்துவிடவில்லை. எங்கே நிலக்கரி கிடைப்பது அரிதோ, எங்கே காற்று உறுதியாக வீசுமோ, எங்கே சரக்கு அவசரமற்றதோ அங்கெல்லாம் அது ஐம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஹாம்பர்க் நகரத்து லைஸ் குடும்பத்தார் தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிச் சிலி நாட்டு வெடியுப்பை ஏற்றி வந்தனர். அவர்கள் 1902இல் கட்டிய 'புரொய்சன்' ஐந்து பாய்மரங்கள் உடையது, முழுதும் எஃகு, ஏறத்தாழ 8,000 டன் சரக்கு ஏற்றும். அதனைச் செலுத்தியவர்கள் ஐம்பதுக்கும் குறைவானவர்களே. பாய்களின் கயிறுகளை இழுக்க விஞ்சுகள் பொருத்தியிருந்தமையால் அத்தனை சிறிய கூட்டம் போதுமாயிற்று. அக்கப்பல் மாய்ந்த விதம் நினைக்கத்தக்கது. 1910 நவம்பரில், இங்கிலீஷ் கால்வாயில், 'பிரைட்டன்' என்னும் நீராவிக் கப்பல் அதன் முன்னே குறுக்கிட்டுக் கடக்க முயன்றது. பாய்க்கப்பல்தானே, மெதுவாகத்தான் வரும் என்று எண்ணியது பிழையாயிற்று. மோதி, முன்பக்கம் சிதைந்து, இறுதியில் டோவர் அருகே பாறைகளில் ஒதுங்கி அழிந்தது 'புரொய்சன்'.

பாயின் கடைசி வணிகர் பின்லாந்தின் ஓலந்து தீவுகளைச் சேர்ந்த குஸ்டாவ் எரிக்சன். மற்றவர்கள் பழைய இரும்பு விலைக்கு விற்ற பாய்க்கப்பல்களை அவர் வாங்கினார். அவற்றுக்குக் காப்புறுதி செய்யவில்லை. மாலுமிகளில் பலர் பயிற்சி பெறும் இளைஞர்கள்; ஊதியம் பெறுவதற்கு மாறாகத் தாமே பணம் கட்டிச் சேர்ந்தவர்களும் உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் கோதுமை ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார். நூறு நாளாயினும் நூற்றிருபது நாளாயினும் கோதுமை கெடாது. கப்பலே களஞ்சியமாக இருந்தது. 1933இல் 'பார்மா' என்ற கப்பல் 83 நாட்களில் வந்து சேர்ந்தது பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. எரிக்சனுடைய கணக்கில் காற்று மட்டும் இலவசமன்று. காலமும் ஏறக்குறைய இலவசமாக இருந்தது, உழைப்பும் அவ்வாறே. இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் இன்று அம்மூன்றில் காற்று ஒன்றே இலவசமாக எஞ்சியிருக்கிறது.

அவருடைய கப்பல்களுள் ஒன்று 'பமீர்'. 1949இல் ஹார்ன் முனையைச் சுற்றியபோது, பாய் ஒன்றையே நம்பிச் சரக்கேற்றி அம்முனையைச் சுற்றிய கடைசிப் பெருங்கப்பல் அதுவாயிற்று. பின்னர் ஜெர்மானியர் அதனை வாங்கி, துணை யந்திரம் பொருத்தி, மாலுமி மாணவர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக்கினர். 1957 செப்டம்பர் 21ஆம் நாள், ப்யூனஸ் ஏர்ஸிலிருந்து வாற்கோதுமை ஏற்றி வருகையில், அஸோர்ஸ் தீவுகளுக்கு அப்பால் கடும்புயலில் சிக்கியது. வாற்கோதுமை சாக்குகளில் கட்டப்படாமல் பெரும்பாலும் தளர்வாகக் கொட்டப்பட்டிருந்தது. கப்பல் சாய்ந்ததும் தானியம் ஒருபுறமாகச் சரிந்தது. சாய்ந்த கப்பல் நிமிரவில்லை. 86 பேரில் பிழைத்தவர் ஆறு பேர். இறந்தவருள் பெரும்பாலோர் உங்கள் வயதுடைய மாணவர்கள். பாயின் பெருமையைப் பேசும்போது இவர்களை மறப்பது நேர்மையாகாது. உயரத்து மரங்களில் ஏறி, ஈரமான பாயைக் கையால் சுருட்டும் தொழில் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டது. அத்தொழிலை மீண்டும் கொணர வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. காற்றை மட்டும் கொணர முடியுமா என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு முதலில் விடை கூற முயன்றவர்தான் 'புக்காவ்' கப்பலை அமைத்த ஆன்டன் பிளெட்னர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர். உலோகத்தால் பாய் செய்ய வேண்டுமென்பது அவர் முதலில் கொண்ட எண்ணம். கெட்டிங்கன் நகரத்தில் பிராண்டல் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சுழலும் உருளைகளைக் காற்றோட்டத்தில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதனை அறிந்த பிளெட்னர், பாயை முற்றிலும் கைவிட்டு உருளையைப் பற்றினார்.

இதன் தத்துவம் உங்களுக்குப் புதியதன்று. கால்பந்தை ஓரமாக உதைத்தால் அது சுழன்றுகொண்டே வளைந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். பீரங்கிக் குண்டுகள் ஏன் வழி விலகுகின்றன என்று ஆராய்ந்த மாக்னஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1852இல் இதனை விளக்கினார். சுழலும் உருளையின் ஒரு பக்கம் காற்றோடு சேர்ந்து நகர்கிறது. மறுபக்கம் காற்றை எதிர்த்து நகர்கிறது. சேர்ந்து நகரும் பக்கத்தில் காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது; எதிர்ப்பக்கத்தில் காற்று தயங்குகிறது, அழுத்தம் மிகுகிறது. ஆகவே உருளை, காற்று வீசும் திசைக்குக் குறுக்காகத் தள்ளப்படுகிறது. காற்று கப்பலின் பக்கவாட்டிலிருந்து வீசினால் அத்தள்ளுதல் முன்னோக்கி அமையும். மிகச் சிறிய மின்சார மோட்டார் உருளையைச் சுழற்றினால் போதும். பெரிய உழைப்பைக் காற்று செய்துவிடும். 'புக்காவ்' முன்பு சுமந்த பாய்களின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் உருளைகளின் பரப்பு. மரத்தில் ஏற ஆள் வேண்டா. ஒருவர் ஒரு விசையைத் திருகினால் 'பாய்' சுருங்கும், விரியும்.

1926இல் அதே கப்பல் 'பாடன்-பாடன்' என்னும் புதுப் பெயருடன் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் சென்றது. அதே ஆண்டில் மூன்று உருளைகள் கொண்ட 'பார்பரா' என்ற பெரிய கப்பல் கட்டப்பட்டு மத்தியதரைக் கடலில் சரக்கேற்றியது. எல்லாம் நன்றாகவே வேலை செய்தன. பிறகு ஏன் பரவவில்லை? விஞ்ஞானம் தோற்கவில்லை, விலை தோற்கடித்தது. டீசல் யந்திரம் அப்போது முதிர்ந்துவந்தது, எண்ணெய் மலிவு. காற்றில்லா நாளுக்காக எப்படியும் ஒரு யந்திரம் வேண்டும். யந்திரம் இருக்கும்போது உருளை எதற்கு என்று கப்பல் முதலாளி கேட்டார். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி புது முயற்சிகளை நசுக்கியது. உருளைகள் கழற்றப்பட்டன.

நம் கடற்கரையிலும் இதே கணக்குத்தான் நடந்தது. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுசென்ற காலம் நெடியது. யந்திரம் மலிந்தபின் அவையும் யந்திரம் பூண்டன. சட்டம் இன்னும் அவ்வகைக் கலங்களை 'யந்திரம் பொருத்திய பாய்க்கலம்' என்றே வகைப்படுத்துகிறது. தொழில் மாறியும் பெயர் மாறவில்லை.

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் காற்றின் நினைவு வரும். 1973இல் விலை பன்மடங்கு உயர்ந்தது. எண்ணெயை ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்தே பெறும் ஜப்பான் 1980இல் 'ஷின் ஐடோக்கு மாரு' என்ற சிறு எண்ணெய்க் கப்பலில் இரண்டு விறைப்பான பாய்களை நிறுத்தியது; கணிப்பொறி அவற்றைத் திருப்பியது. வேறு சில கப்பல்களும் தொடர்ந்தன. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது, பாய்களும் சரிந்தன. காற்று விசையின் வரலாறு எண்ணெய் விலையின் நிழலாகவே அமைந்துவிட்டது என்பது என் கருத்து.

இம்முறை வேறுபாடு உண்டா? சில அளவுகளைப் பார்ப்போம். 2018இல் 'மேர்ஸ்க் பெலிக்கன்' என்ற பெரிய எண்ணெய்க் கப்பலில் 30 மீட்டர் உயரமுள்ள இரண்டு சுழல் தூண்களை நிறுத்தி ஓராண்டு அளந்தனர். பிளெட்னரின் தத்துவமே, பொருள் மட்டும் புதியது. சேமித்த எரிபொருள் நூற்றுக்கு 8.2 பங்கு. 2023இல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பலில் விமானச் சிறகுபோன்ற, 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு விறைப்பாய்களை எழுப்பினர். ஆறு மாதச் சோதனையில் நாளொன்றுக்குச் சராசரி 3 டன் எரிபொருள் மிஞ்சியது. இத்தகைய கப்பல் நாளொன்றுக்கு இருபது முப்பது டன் எரிப்பது; ஒரு டன் எண்ணெய் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்று மிகுதியாகக் கரியமில வாயு எழும். அதே 2023இல் ஏரியேன் ராக்கெட்டின் பகுதிகளைத் தென் அமெரிக்காவுக்கு ஏற்றிச்செல்ல நான்கு சிறகுகளுடைய 'கனோப்பே' கடலுக்கு வந்தது. விண்வெளிக்குச் செல்லும் பொருள் முதலில் பாய் விரித்துச் செல்கிறது!

எல்லாக் கப்பலுக்கும் இது பொருந்தாது. பெட்டகக் கப்பலின் தளம் முழுவதும் பெட்டகங்களே அடுக்கப்பட்டிருக்கும். தூண் நிறுத்த இடமேது? தாதுவும் தானியமும் எண்ணெயும் ஏற்றும் கப்பல்களுக்குத் தளத்தில் இடம் உண்டு; ஆனால் துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் இடிக்கும், பாலங்கள் தலையில் தட்டும். 2021இல் 3,25,000 டன் ஏற்றும் 'ஸீ ஜௌஷான்' என்னும் இரும்புத்தாதுக் கப்பலில் ஐந்து தூண்களை அமைத்தபோது, அவற்றைத் தளத்தின்மேல் படுக்கவைக்கும்படி செய்தனர். எதிர்க்காற்றில் எந்தப் பாயும் உதவாது என்பதும் உண்மை. ஆனால் எந்த வழியில் எந்த நாளில் எக்காற்று வீசும் என்பது இன்று செயற்கைக்கோள் வாயிலாக முன்கூட்டியே தெரிகிறது. மாத்யூ மோரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, மாலுமிகளின் பழைய நாட்குறிப்புகளைத் திரட்டி 1847இல் முதல் காற்று வரைபடத்தை வெளியிட்டபோது எவ்வளவு உழைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொரு தடை பொறியியலைச் சார்ந்ததன்று. பெரும்பாலான சரக்குக் கப்பல்கள் வாடகைக்கு ஓடுகின்றன. கால அளவில் வாடகை பேசினால் எண்ணெய்ச் செலவு வாடகைக்கு எடுத்தவருடையது. தூண் நிறுத்தும் செலவு கப்பல் உடையவருடையது. பணம் போடுபவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர் என்றால் யார் முன்வருவார்? 2024 முதல் ஐரோப்பியத் துறைமுகங்களைத் தொடும் பெரிய கப்பல்கள் தாம் வெளியிடும் கரியமில வாயுவுக்கு விலை செலுத்தும் ஏற்பாடு தொடங்கியது. இதனால் அந்தக் கணக்கு மெல்ல மாறுகிறது. 2050ஐ ஒட்டிக் கப்பல்களின் நிகர வெளியேற்றத்தை இல்லாமற் செய்வது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பும் 2023இல் குறிக்கோள் வகுத்தது. எண்ணெய்க்கு மாற்றாகப் பேசப்படும் புது எரிபொருள்கள் யாவும் எண்ணெயைவிட விலையுயர்ந்தவை. எரிபொருள் விலையேற, காற்றின் மதிப்பும் ஏறும்.

ஆயினும் எட்டுப் பங்கு, பத்துப் பங்கு என்ற சேமிப்பைக் கேட்டு ஒருவர் சிரிக்கலாம். அவர் சிரிப்பதற்கு நல்ல காரணமும் உண்டு. கப்பலின் வேகத்தைக் கூட்டினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. ஆகவே வேகத்தில் நூற்றுக்குப் பத்துக் குறைத்தால், நாட்கள் சற்று மிகுந்தாலும், அதே தூரத்துக்கு எண்ணெய் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்தொன்பது குறையும். தூணும் வேண்டா, சிறகும் வேண்டா. மெதுவாகச் சென்றாலே போதும்! எனினும் இவ்வாதம் காற்றுக்கு எதிரானதன்று, அதற்குச் சார்பானதே என்று எனக்குத் தோன்றுகிறது. விரைந்து செல்லும் கப்பல் தன் வேகத்தாலேயே எதிர்க்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. மெதுவாகச் செல்லும் கப்பலுக்கோ பக்கக்காற்று பக்கக்காற்றாகவே கிட்டுகிறது; அதற்குத் தேவையான மொத்தச் சக்தியும் சிறிது; ஆதலின் அதே தூண் பெரும்பங்கைச் சுமக்கும். ஆனால் பத்துப் பங்கு மெதுவானால், அதே சரக்கைக் கொண்டுசேர்க்கக் கப்பல்கள் பத்துப் பங்குக்குச் சற்று மேல் கூடுதலாக வேண்டும். அவற்றைக் கட்டவும் மாலுமிகளை அமர்த்தவும் பணம் வேண்டும்.

எரிக்சன் தம் கோதுமைக்கு நூறு நாட்கள் கொடுத்தார். இன்று ஆஸ்திரேலியத் தாதுவுக்கும் பிரேசில் நாட்டுச் சோயாவுக்கும் அத்தனை நாள் எவரும் கொடார். ஆனால் மேலும் இரண்டு மூன்று நாட்கள் கொடுத்தால் அவை துருப்பிடித்தோ புழுத்தோ போவதில்லை. அத்தகைய சரக்குகளின் கப்பல்களில்தான் தூண்களும் சிறகுகளும் முதலில் எழுந்துள்ளன. பெட்டகத்தில் செல்லும் கைபேசிக்கும் காலணிக்கும் அதே இரண்டு நாளைக் கடைக்காரர் கொடுப்பாரா என்பது கப்பல் பொறியியலாளரிடம் கேட்கும் கேள்வியன்று. அதனைக் கடையில் பொருள் வாங்க நிற்பவரிடந்தான் கேட்க வேண்டும்.